நின்ற கிலோமீட்டர்

வாளியில் போட்டிருக்கிறது: இருபதாயிரம் கிலோமீட்டர்.
எழுதியவருக்கு மண்டபம் ஜெட்டி தெரியாது.

போட் வரத் தாமதம்.
ஐஸ் உடைக்கிறவன் டீக்குப் போயிருப்பான்.
செல்ஃப் மோட்டார் சரியில்லை,
அணைத்தால் தள்ள நாலு பேர் வேண்டும்
என்று சவேரி அணைக்கவே மாட்டான்.
வண்டி உறுமிக்கொண்டே நிற்கும்,
மீட்டரில் ஓர் எண்ணும் புரளாது.

தடைக்காலம் அறுபத்தொரு நாள் அப்படியே கிடந்தது.
ஓடாத ஆயில் கெடுமாக்கா என்றான்.
கம்பியை உருவி
காலண்டர் தாளில் ஒரு சொட்டு வைத்தேன்.
நடுவில் கரி. சுற்றிலும்
மங்கலாய் ஒரு வளையம் விரிந்து
மே இருபத்தேழைத் தின்றது.
உப்புக்காற்றுக்குத் தடைக்காலம் ஏது?

மீராசா கடையில்
பத்து டபிள்யூ முப்பதை எடுத்து வைத்தார்,
டீசல் மிச்சமாம்.
இந்த வெயிலுக்கும் என் கிழட்டு எஞ்சினுக்கும்
அது மோர்த்தண்ணி.
பதினைந்து டபிள்யூ நாற்பது கொடுங்கள்,
ஃபில்டரும்.
விலை கேட்டு வாளியைக் கீழே வைத்தேன்.
பிறகு நானே தூக்கிக்கொண்டேன்.

கதவின் உட்பக்கம் சாக்பீஸில் எழுதியாயிற்று:
பத்தாயிரம் அல்லது ஆறு மாதம்,
எது முந்துதோ அது.
நிற்கிற ஒவ்வொரு மணிக்கும் ஒரு கோடு,
ஒரு கோட்டுக்கு நாற்பது கிலோமீட்டர்.

ஜூலையில் இருபது கோடு.
ஜெட்டியை விட்டு நகராமலே
கொச்சிக்குப் போய்த் திரும்பியிருக்கிறது
என் பெயரில் உள்ள லாரி.
வாடகை மட்டும்
யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை.