முப்பத்தொன்பது சதவீதம்

இன்றிரவு இரண்டிலிருந்து ஐந்துக்குள்
தானே நிறுவிக்கொள்ளும் என்கிறது போன்.
நாற்பது சதவீதம் சார்ஜ் வேண்டுமாம்,
வைஃபை வேண்டுமாம்.
நான் வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை.

வெளியே புந்தா அரேனாஸின் காற்று
கூரைத் தகரங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறது.
மத்தியானமே சதுக்கத்து முனையில் கயிறு கட்டிவிட்டார்கள்.
அதைப் பிடித்துக்கொண்டுதான் தெருவைக் கடந்தேன்,
ஒரு கையில் கயிறு,
மறு கையில் இது.

பஸ்தியானின் இடது புஜத்தில்
கோட்டுப் பொத்தானளவு ஒரு வெள்ளை வில்லை.
ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை
அவன் உடம்பின் சர்க்கரையை
சுவர் தாண்டி எனக்குச் சொல்கிறது.
நூற்றுப் பதினெட்டு. அம்பு நேராக.
நூற்றுப் பன்னிரண்டு. அம்பு சற்றே சரிந்து.
ஒன்பது வயதுப் பிள்ளை என்ன கனாக் காண்கிறான், தெரியாது.
எந்தப் பக்கம் போகிறான் என்பது மட்டும் தெரியும்.

புதிய பதிப்பின் வாக்குறுதிகளைக்
கடன் பத்திரம் போல மூன்று தடவை வாசித்தேன்.
பேட்டரி குளிரைத் தாங்குமாம்.
புளூடூத் அறுந்தால் தானே போய் ஒட்டிக்கொள்ளுமாம்.
சத்தத்தை அணைத்து வைத்திருந்தாலும்
மருத்துவ எச்சரிக்கை கத்துமாம்.
கத்தட்டும், ஊரே எழுந்திருக்கட்டும்.
நண்டு ஆலையில், ரப்பர் கையுறைக்குள் விரல் மரத்து
ஓடு உடைக்கும் நேரத்தில்
ஏப்ரனுக்குள் அதிர்ந்தது போனா, என் தொடையா
என்று தெரியாமல் நின்ற மதியங்கள்
எத்தனை.
கூடவே அறுபது புதுப் பொம்மை முகங்களாம்.
அவற்றில் ஒன்று கொட்டாவி விடுகிறது.

சென்சார் கம்பெனியின் கடிதம் வேறு மாதிரி:
‘புதிய பதிப்பில் எங்கள் செயலியை
இன்னும் சோதித்து முடிக்கவில்லை.
பொறுத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.’
எத்தனை நாள் என்று இல்லை.
கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில்
ஒரு பச்சை இலை.

போன மார்ச்சிலும் இப்படி ஒரு இரவு.
விடிந்தபோது எல்லாம் அழகாக இருந்தது.
எழுத்துகளின் மூலைகள் உருண்டிருந்தன.
எண் இருந்த இடத்தில்
இரண்டு சின்னக் கோடுகள்.
புது அலங்காரம் போலிருக்கிறது என்று
ஒரு கணம் ரசித்தேன். அந்த ஒரு கணத்தை
நான் யாரிடமும் சொன்னதில்லை.
பிறகு ஓடினேன்.
விரல்நுனியில் குத்தி எடுத்த சொட்டு சொன்னது:
ஐம்பத்து மூன்று.
ஆரஞ்சுச் சாறு உறிஞ்சியபடி அவன் கேட்டான்,
‘இன்னைக்குப் பள்ளிக்கூடம் லீவா?’

ஜலசந்தியின் எண்ணெய் மேடையிலிருந்து ஒஸ்வால்தோ பேசினான்.
‘ஓடுற எந்திரத்துல கை வைக்காதே, யோவாங்கா.’
பழசுக்கு ஆதரவு நிறுத்திவிட்டால்? என்றேன்.
‘அன்னைக்குப் பார்த்துக்கலாம்.’
அன்னைக்கு நீ கடலில் இருப்பாய் என்று வெடுக்கென்றேன்.
அவன் போனிலும் அந்த எண் வரும்.
அலை உயர்ந்தால் சிக்னல் போகும்,
அப்போது அவனும்
கோடுகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான்.

‘பிறகு நினைவூட்டு’ என்ற பொத்தானைப்
பதினோரு இரவு அமுக்கியாயிற்று.
இன்று அந்தப் பொத்தானையே காணோம்.

வைஃபையை அணைக்கலாம்;
அணைத்தால் இந்த மலைச்சரிவு வீட்டில்
ஒஸ்வால்தோவுக்கு எண் போகாது.
சார்ஜரைப் பிடுங்கலாம்;
பிடுங்கினால் விடிவதற்குள் போன் செத்துவிடும்.
ஆக, சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்
ஒயரின் முனையைக் கையில் பிடித்துக்கொண்டு.
முப்பத்தொன்பதில் உருவுகிறேன்.
முப்பதுக்கு இறங்கினால் சொருகுகிறேன்.
ஏறவிடாமல், இறங்கவிடாமல்.
இந்த வேலை எனக்குப் புதிதல்ல.

இரண்டு ஐம்பது.
போன்: முப்பத்தாறு.
பையன்: நூற்று நான்கு, அம்பு நேராக.

காலுறை தரையில் உரசும் சத்தம்.
கதவோரம் அவன், கண்ணைக் கசக்கிக்கொண்டு.
‘அம்மா, அந்தக் கொட்டாவி மூஞ்சி
வந்துருச்சா?’