லிஃப்டில் சொன்னது

ஆறாம் மாடிக்கும் தரைக்கும் நடுவே
ஏழாம் மாடி இராசநாயகம் கேட்டார்,
"மகன் ஸ்கொலர்ஷிப் எப்பிடி?"
சிரித்தபடி சொன்னேன்:
"இவன் கொஞ்சம் ஸ்லோ.
அக்காவைப் போல இல்லை."

கண்ணாடிச் சுவரில்
கவிர்ஷன் என்னைப் பார்க்கவில்லை.
தன்னைப் பார்த்தான்.

அன்றிலிருந்து படியால்தான் இறங்குகிறான்.
கேட்டால் "சும்மா."
சாப்பிடுகிறான், பல் தீட்டுகிறான்.
வரைந்து ஒட்டிய ரயில்களை மட்டும்
சுவரிலிருந்து கழற்றிவிட்டான்;
நாலு மூலையிலும் டேப்பின் தழும்பு.

ஞாயிறு நானும் படியால் இறங்கினேன்.
வெள்ளவத்தைத் தண்டவாளம் தாண்டி
கல்லில் இருந்தோம்.
"அண்டைக்கு அப்பா சொன்னது பிழை."
அவன் ஒரு நண்டைப் பார்த்திருந்தான்.
"இராசநாயகம் அங்கிளிட்டயும் சொல்லுவீங்களா?"

இதை நான் நினைத்திருக்கவில்லை.
மன்னிப்பைக் கடல் இரைச்சலுக்குள்
யாருக்கும் கேளாமல் முடித்துவிடலாம் என்றிருந்தேன்.
அவமானத்துக்கு மட்டும்
ஆள் வைத்திருந்தேன்.

தூரத்தில் ஹோர்ன்.
"எஸ் பன்னிரண்டு," என்றான்,
ரயில் தெரியுமுன்பே.
பாணந்துறைக்குப் போகிற பெட்டிகள்
எங்கள் முதுகை உலுப்பிக்கொண்டு போயின.
எப்படித் தெரியும் என்று கேட்டேன்.
முதன்முறையாகக் கேட்டேன்.
பம்பலப்பிட்டி வரை நடந்தும்
அவன் சொல்லி முடியவில்லை.

திங்கள், காலை ஆறே முக்கால்.
லிஃப்ட் திறந்தது.
குப்பைப் பையோடு இராசநாயகம்.
கவிர்ஷன் படிப்பக்கம் போகவில்லை.
உள்ளே வந்து
சப்பாத்து நுனியைப் பார்த்தபடி நின்றான்.

"அண்டைக்கு இவனைப் பற்றி நான்..."
தொண்டை கட்டியது.
ஐந்து.
நாலு.
நல்லகாலம்,
எங்கள் லிஃப்ட் கொஞ்சம் ஸ்லோ.