ஆர்டர்

விண்டோஸ் போன வெள்ளிக்கிழமை செத்தது.
கிராக் போட்ட பாட்டு சாஃப்ட்வேரோடு
ஒட்டிக்கொண்டு வந்த ஏதோ ஒன்று
எல்லாக் கோப்புக்கும் புதுப் பெயர் வைத்துப் பூட்டிவிட்டது,
ஆடித் தள்ளுபடி, காதுகுத்து அழைப்பு,
பாத்திரக் கடைக்குப் பேசிய பதினோரு விளம்பரம்,
என் ரேஷன் கார்டு ஸ்கேன் உட்பட.

நேதாஜி ரோட்டு மாடியில் கடை வைத்திருக்கும் துளசிராம்
"லினக்ஸ் போட்டுத் தர்றேன்க்கா, காசு வேணாம்,
ஆனா அப்புறம் எனக்கு போன் பண்ணக்கூடாது" என்றான்.
காசு விஷயத்தில் அவன் சொல் காத்தான்.
போன் விஷயத்தில் நான் காக்கவில்லை.

செல்லூரில் என் அறை. கீழே விசைத்தறி.
மேலே ஒரு மைக், சுவரில் ஆணியடித்த மூன்று கோரைப் பாய்,
பேட்டரி செத்த, ஒயரோடு மட்டும் உயிர்வாழும் லேப்டாப்.
சனி ஞாயிறு முழுக்க இறக்குவதும் அழிப்பதும்.

ஒன்று தாளம் கட்டும், மெட்டுப் போடும்,
குரலைப் பதி என்றால் ஊமையாகிவிடும்.
ஒன்று அறுபது டாலர்;
கெடு முடிந்தபிறகும் திறக்குமாம், ஆனால் ஒவ்வொரு முறையும்
வாடகை பாக்கிக்கு வாசலில் நிற்கும் ஹவுஸ் ஓனரைப்போல்
கொஞ்ச நேரம் முகத்தைப் பார்க்குமாம்.
ஒன்றைத் திறந்தேன், பொத்தான்களைப் பார்த்தேன், மூடினேன்.

"பழசுதான் வேணும்னா ஒயின் போட்டுக்கோங்க,
விண்டோஸ் சாமானெல்லாம் தன்னால ஓடும்."
ஸ்பீக்கரில் கேட்ட பக்கத்து வீட்டு அண்ணன்
அன்றிலிருந்து என்னைப் பார்த்தால் சிரிக்கிறார்.

கடைசியாக வந்ததன் பெயர் ஆர்டர்.
ஆர்டர் இருக்கா என்று யார் கேட்டாலும்
இல்லை இல்லை என்று பழகிப்போன வாய்.
லேப்டாப்பிலாவது இருக்கட்டுமே.

திங்கள் காலை ஒச்சம்மாள் வந்தாள்.
கருமாத்தூர்க்காரி. குட்டியானையில் வெங்காயம்.
மதியத்துக்குள் தொண்டை கட்டிவிடுகிறதாம்.
"எல்லா வண்டியிலயும் ஒரே பொம்பளதான் கத்துறா.
எனக்கு என் கொரல்தான் வேணும்."

ஹெட்போன் மாட்டினேன்.
"நாலு கிலோ" என்றாள். நிறுத்தினாள்.
"எவளோ எனக்குப் பின்னாடி நின்னு
நான் சொன்னதையே சொல்லிக் கேலி பண்றா."
திரும்பியும் பார்த்தாள்.

தாமதம். பஃபர் ஆயிரத்து இருபத்து நாலு.
நூற்றிருபத்தெட்டுக்கு இறக்கினால்
கேலிக்காரி போய்விடுகிறாள், ஆனால்
குரல் முழுக்கக் கடுகு வெடிக்கிறது.
இருநூற்று ஐம்பத்தாறில் கடுகு அடங்கியது,
அவளும் ஒச்சம்மாளின் தோளோடு ஒட்டிக்கொண்டாள்.

அப்புறம் ஒரு குரல் வந்தது பாருங்கள்,
கீழமாரட் வீதி கமிஷன் கடைக்காரர்கள்
கல்லாவை விட்டு எழுந்து வரும் குரல்.
"நாலு கிலோ நூறுவா, நாசிக் வெங்காயம், நாலு கிலோ நூ"

கரண்ட் போனது.
தறி நின்றது. ஃபேன் நின்றது. திரை கறுத்தது.
ஒச்சம்மாளுக்கு மட்டும் அது தெரியவில்லை,
"றுவா" என்று முடித்துவிட்டுத்தான் வாயை மூடினாள்.

ஒன்றரை மணி நேரம்.
டீ வாங்கிக் கொடுத்தேன். போனதுதான் என்று நினைத்தேன்.
விண்டோஸ் காலத்தில் போனதெல்லாம் போனதுதான்.

திரும்பத் திறந்ததும் ஒரு சின்னக் கட்டம் கேட்டது:
பதிவின் நடுவில் நின்றுவிட்டதுபோல் இருக்கிறது,
மீட்கவா, விட்டுவிடவா?
இத்தனை வருஷத்தில் என்னிடம் எந்த மெஷினும்
இப்படிக் கேட்டதில்லை.

நூ வரை இருந்தது.
அடியில் தறியின் டக்டக்கும்.
அதை எடுத்துவிடவா என்றேன்.
"கெடக்கட்டும். என் வண்டி எஞ்சினும் இப்படித்தான் அடிக்கும்."

வியாழக்கிழமை போன்.
"வெல ஏறிருச்சுத்தா. மூணு கிலோதான் கட்டும்.
திரும்ப அங்கிட்டு வரணுமா?"
வர வேண்டாம்.
அன்றே மூணும் ரெண்டும் சொல்லவைத்துப்
பதிந்து வைத்திருந்தேன்.
மூன்றை இழுத்து நான்கின் மேல் வைத்தேன்.

இப்போது தத்தனேரிப் பக்கம் போய்க்கொண்டிருப்பாள்.

நாலை நான் அழிக்கவில்லை.
மியூட் போட்டு, சாம்பல் நிறத்தில்,
அதே இடத்தில் வைத்திருக்கிறேன்.
வெங்காயம் இறங்கும்.