இருநூற்று நான்கு

கோத்தகிரியில் மூன்று நாளாக மழை.
ஜன்னலுக்கு வெளியே மிளிதேன் சாலை இல்லை,
மூடுபனிதான்.

பச்சைத் தேயிலை எடைபோடும் செயலிக்கு
சோதனை எழுதுவது என் வேலை.
விவசாயி எண் நானூற்றுப் பதினேழு.
எடை முப்பத்தொரு கிலோ.
அதை முப்பத்தைந்து ஆக்கு.
ஒரு புட் கோரிக்கை. ஓட்டினேன்.

கட்டபெட்டு வளைவில் எங்கோ நெட் நின்றுவிட்டது.
போய்ச் சேர்ந்ததா, தெரியாது.
மறுபடி அனுப்பினேன். பயமில்லை:
போஸ்ட் என்றால் இரண்டு மூட்டை விழுந்திருக்கும்,
புட் அப்படியில்லை,
பூட்டிய கதவைப் பத்துமுறை இழுத்துப் பார்க்கலாம்,
பூட்டியே இருக்கும்.

பதில் வந்தது: இருநூற்று நான்கு.
பெற்றுக்கொண்டேன், சொல்ல ஒன்றுமில்லை.
பச்சை டிக். டீ போட எழுந்தேன்.

டீயோடு வந்து பதிவைத் திறந்தால்
எடை இருந்தது.
பெயர் இல்லை. ஊர் இல்லை. வங்கிக் கணக்கு இல்லை.
திருத்து என்றுதான் நான் நினைத்தேன்.
அது பழைய ஆளை முழுசாக எடுத்துவிட்டு
நான் கொடுத்ததை மட்டும் அங்கே வைத்திருந்தது,
ஒரு எண்ணை.
சொல்லாமல் விட்டதையெல்லாம்
வேண்டாமென்று சொன்னதாக எடுத்துக்கொண்டது.

அதற்கும் மேலே, முகவரி வரி.
சோதனை சர்வர் இல்லை. நிஜம்.
வெள்ளிக்கிழமை அவசரத்தில் நான்தான் மாற்றினேன்.

ஃபேக்டரியில் எடைமேடை ஆள்
நோட்டைப் புரட்டி ஒரு நம்பர் தந்தார்.
"போஜன் அண்ணா, செயலியில் ஒரு பிழை" என்று தொடங்கி,
மழை கொஞ்சம் அடங்கக் காத்திருந்து,
"பிழை என்னுடையது" என்றேன்.
"சரி, எழுதிக்கோங்க" என்றார்.

கா. போஜன். கன்னேரிமுக்கு. தொண்ணூறு சென்ட்.
கணக்கு எண்ணை அவர் சொல்ல, நான் திருப்பிச் சொல்ல,
நடுவில் ஒரு ஏழு தொலைந்து
மறுபடி முதலிலிருந்து.
"கீழ் ரெண்டு வரிசை தங்கச்சியோடது.
அதையும் போட்டுக்கோங்க."

அதற்குக் கட்டம் இல்லை.
போட்டுக்கொண்டேன் என்றேன்.

மாறியது, மாறாதது எல்லாம் எழுதினேன்.
எடை முப்பத்தொன்று, பழையபடி.
இருநூறு.
கை நடுங்கி இன்னொரு முறையும் அனுப்பினேன்.
அதே போஜன், அதே தொண்ணூறு சென்ட்.

சோதனையில் ஒரு வரி கூட்டினேன்:
எடை மாறிய பிறகும் பெயர் இருக்கிறதா, பார்.

இரவு விளக்கணைக்கும்போதுதான் நினைவு வந்தது,
தங்கச்சியின் பெயரை
நான் கேட்கவே இல்லை.