இரண்டு கிலோ சர்க்கரை

தாபோருக்கு அப்பால், ஏரிக்கரைச் சாலையில்,
ஹெட்விகா கதவைப் பாதிதான் திறந்தாள்.
மீதியைக் கேள்விகளால் அடைத்தாள்.
எத்தனையாவது மாடி? லிஃப்ட் ஓடுகிறதா?
சோபா தரையிலிருந்து எவ்வளவு உயரம்?
உங்களில் யார் கீழே பார்த்து நடப்பவர்?

நான் லுபோரைப் பார்த்தேன்.
லுபோர் பையனைப் பார்த்தான்.
பையன் மட்டும் ஏற்கெனவே தரையைப் பார்த்திருந்தான்.
அங்கே நின்றது
பிராக் எலிநாய்.
ஒரு சாண் உயரம். கறுப்பு.
புருவத்துக்கு மேல் இரண்டு பழுப்புப் பொட்டு.
முன்னங்கால் என் சுண்டுவிரல் பருமன்.
குளிரே இல்லை, ஆனாலும் நடுங்கியது.
"பயமில்லை. அதன் மோட்டார் அப்படி."

முறிந்த காலோடு போன வருடம்
ஒன்று அவளிடமே திரும்பி வந்ததாம்.
அன்றிலிருந்து கேட்டு வரும் எல்லாருக்கும் ஒரே பரீட்சை:
இரண்டு கிலோ சர்க்கரை வாங்கு,
கம்பளிக் காலுறையில் கொட்டி முடிச்சுப் போடு,
ஒரு வாரம் அதோடு குடித்தனம் செய்.
ஞாயிற்றுக்கிழமை
காலுறை முழுசாக இருந்தால் கூப்பிடு.

பிர்னோ வரும்வரை லுபோர் சிரித்துக்கொண்டே ஓட்டினான்.

எங்கள் கவலையெல்லாம் ஓல்டாதான்.
ஆறு வயது.
குளியலறைத் தொட்டியையே உடைத்தவன்.
அவன் சர்க்கரைக்கு ஷிஷ்கா என்று பெயர் வைத்தான்,
பைன் மரத்துக் காயின் பெயரை.
சாப்பிடும்போது மடியில். படிக்கும்போது காலடியில்.
"உஷ், தூங்குது" என்று
தொலைக்காட்சியின் வாயை அடைத்தான்.

செவ்வாய், விடிகாலை நாலு மணி.
இரவுப் பணி முடிந்து வந்த லுபோரின்
நாற்பத்தாறாம் எண் பூட்ஸ்
இருட்டில் எதையோ மிதித்தது.
ஒரு கெட்ட வார்த்தை, பிறகு விளக்கு.
எழுந்து வந்து பார்க்கிறேன்:
நூறு கிலோ மனுஷன் மண்டியிட்டு
காலுறையைத் தடவிக்கொண்டிருக்கிறான்.
அன்றிலிருந்து அவன் காலைத் தூக்கவில்லை.
பனிக்கட்டி மேல் போகிறவன் போல்
தேய்த்துத் தேய்த்து நடந்தான்.

சர்க்கரை குரைக்காது.
கீழ்வீட்டு தோபெஷுக்கு ஒற்றைத் தலைவலி,
அவரைப் பற்றி ஹெட்விகா கேட்கவில்லை.
சர்க்கரைக்கு மூத்திரமும் வராது.
ஆனாலும் அந்த ராத்திரி பதினோரு மணிக்கு, மழையில்,
ஐந்து மாடி இறங்கிப் பார்த்தேன்
(லிஃப்ட் ஓடவில்லை).
பெரிய நாயோடு வந்த ஒருவர்
வணக்கம் சொல்லி, என் கையைப் பார்த்து,
தெருவின் அந்தப் பக்கம் கடந்துபோனார்.

வெள்ளிக்கிழமை
எட்டாம் எண் டிராமில்
சன்னலோர இருக்கையில்
ஷிஷ்காவை விட்டுவிட்டு இறங்கினேன்.

நான்தான்.
இரண்டு வருடமாகப் பர்ஸில் அந்த நாயின் படம் வைத்திருந்தவள்,
"நாங்கள் பொறுப்பான குடும்பம்" என்று
ஹெட்விகாவுக்குக் கடிதம் எழுதியவள்.
உருளைக்கிழங்கு உரிக்கும்போதுதான் நினைவு வந்தது,
அதுவும் ஓல்டா கேட்ட பிறகு.

லுபோர் பணிமனைக்குப் போன் செய்தான்.
"சாம்பல் நிறம். இரண்டு கிலோ. ஆமாம், காலுறை.
இல்லை, விளையாடவில்லை."
கடைசி டிராமில் வந்துசேர்ந்தது,
குதிகால் பக்கம் கிழிந்து, பாதி இளைத்து.
டிராம் நெடுக வெள்ளைக் கோடு, கூட்டிவிட்டேன்,
என்றார் ஓட்டுநர். வேறெதுவும் கேட்கவில்லை.

ஞாயிறன்று நானே கூப்பிட்டேன்.
"யார்?" என்றாள் ஹெட்விகா.
"நான்."
கொஞ்ச நேரம் அவள் பக்கம் நாய்ச் சத்தம் மட்டும்.
"பிள்ளை மேல்தான் பழி போடுவார்கள் வழக்கமாக.
பீசெக்கில் ஒருத்தர் ஓட்டையைத் தைத்து
போட்டோ அனுப்பினார்.
அவருக்கு நான் கொடுக்கவே போவதில்லை."
எங்களுக்கு?
அதை அவள் சொல்லவில்லை.
இந்த வருடம் பிளம் நன்றாகக் காய்த்திருக்கிறது என்றாள்,
சர்க்கரையை வீணாக்காதே என்றாள்.

நாலு பாட்டில் ஜாம் வந்தது.
ஓல்டா தொடவில்லை.
ரொட்டியில் வெண்ணெய் மட்டும் தடவிக்கொண்டு
என்னைப் பார்க்காமல் மென்றான்.

ஹெட்விகாவின் எண் இன்னும் ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கிறது.
நேற்றும் நாலு மணிக்கு
கதவு திறக்கும் சத்தம் கேட்டு விழித்துக் கிடந்தேன்.
விளக்குப் போடாமல்,
காலைத் தூக்காமல்,
தேய்த்துத் தேய்த்து
வந்துகொண்டிருந்தான் லுபோர்.