பதினேழாம் எண்

கொருக்குப்பேட்டை கேட்டைத் தாண்டி
இரண்டாவது மாடியில் என் இருட்டறை.
சன்னல்களில் கறுப்புத்தாள்.
சரக்கு ரயில் போகையில்
மோவாய் தாங்கும் சட்டம் நடுங்கும்.
அந்நேரத்துப் பதில்களை
நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

பதினேழாம் எண்: தேசராணி, முப்பத்தொரு வயது,
காசிமேட்டில் இறால் உரிப்பவள்.
விரலெல்லாம் வெடிப்பு.
இடக்கண்ணில் ஒரு பழுதும் இல்லை.
வில்லை, விழித்திரை, நரம்பு
எல்லாம் கழுவிவைத்த தம்ளர் மாதிரி.
ஆனாலும் அந்தக் கண்ணால்
முதல் பெரிய எழுத்துக்குக் கீழே
அவளால் இறங்க முடியவில்லை.

"சோம்பேறிக் கண்ணுன்னாங்க."

விடிகாலை மூன்று மணிக்கு எழுகிறவளிடம்
அந்தச் சொல்லைக் கொடுத்தது யார்?
என் துறைதான்.

மாநகராட்சிப் பள்ளிக்கு முகாம் வந்த அன்று
வலக்கண்ணைப் பொத்திய விரல்களின்
இடுக்கு வழியாகப் பார்த்து
வரிசை முழுக்க ஒப்பித்திருக்கிறாள்.
கைதட்டினார்களாம்.
பிஸ்கெட் பாக்கெட் ஒன்று.
அப்போது வயது ஆறு.
நல்ல கண்ணுக்கு மேல்
தினம் சில மணி நேரம் ஒரு துண்டுத் துணி
போதுமாயிருந்திருக்கும்.

அவளுக்கு நான் விளக்கியது இப்படி:
ஏலத்தில் இடப்பக்கம் நிற்கிற ஒருத்தன்
விலை சொல்லிக்கொண்டே இருக்கிறான்.
வலப்பக்கத்தான் குரல் கணீர்.
ஏலக்காரர் இடப்பக்கம் திரும்புவதே இல்லை,
இருபத்தைந்து வருஷமாக.
"மூளதான் அந்த ஏலக்காரரா?"
ஆமாம்.
"எங்க ஏலக்காரரும் அப்டித்தான்" என்றாள்.

சிவப்பு பச்சைக் கண்ணாடி போட்டுவிட்டேன்.
இடக்கண்ணுக்குக் கோடுகள் அழுத்தமாக.
வலக்கண்ணுக்கு இருபது சதவீதம்,
மழைக்கு முந்தைய எண்ணூர்ப் பக்க வானம் போல.
எந்தப் பக்கம் சாய்கிறது? அழுத்து.
எந்தப் பக்கம்? அழுத்து.
ஓர் அமர்வுக்கு அறுநூறு தடவை.
உப்பும் ஐஸும் மணக்கும் பொத்தான்கள்.
வலக்கண்ணின் குரலைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினேன்.
இருபத்தெட்டு. முப்பத்தைந்து.
அறுபத்தொன்றிலும் இடக்கண் அடங்கவில்லை.

முப்பத்து மூன்றாம் அமர்வு முடிந்து
மாடிப்படியில் நின்றுவிட்டாள்.
"படி வெளிய வருது டாக்டர்."
கைப்பிடியைப் பிடித்தபடி
ஒவ்வொரு படியையும் காலால் தட்டித் தட்டி
கீழே போனாள், மறுபடி ஏறினாள்.
அன்றிரவு நான் நிதிக்குழுவுக்கு
இரண்டு பக்கம் எழுதினேன்.

பன்னிரண்டு நாள் கழித்து வந்தாள்.
கட்டைவிரலில் கட்டு.
"ரெண்டு ரெண்டாத் தெரியுது.
எந்தத் தலையக் கிள்றது?"
கூலி கிலோவுக்கு.
நாலு நாளில் எட்டு கிலோ குறைந்துவிட்டது.

இப்படி ஆகலாம் என்று ஒப்புதல் படிவத்தில் இருக்கிறது,
நாலாம் பக்கம், பதினோராவது வரி.
வாசித்துக் காட்டினேன்.
அப்போது ரயில் போனதா என்று நினைவில்லை.

"எனக்கு ஒண்ணே போதும்."

கண்ணாடியின் இடது வில்லையில்
மங்கல் டேப்பை நானே ஒட்டினேன்.
எழுப்பிய கைக்கே தாலாட்டும் வேலை.
தாளில் 'விலகினார்' என்று குறித்தேன்.
காரணத்துக்கு மூன்று கட்டங்கள்தான்:
இடமாற்றம், உடல்நலம், ஆர்வமின்மை.
மூன்றையும் விட்டுவிட்டேன்.
சராசரியில் அவள் இல்லை.
அதனால் சராசரி அழகாக இருக்கிறது.

மாசிக் கடைசியில் மீன் வாங்கப் போனேன்.
அலுமினிய அன்னக்கூடைக்கு முன்னால் தேசராணி,
டேப் ஒட்டிய அதே கண்ணாடி.
ஓர் ஓரம் மட்டும் அழுக்கேறி உரிந்திருந்தது,
அடிக்கடி நகம் படும் ஓரம்.
நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள்.

"கடலப் பாக்கசொல்ல மட்டும் எடுப்பேன்.
அது ரெண்டாத் தெரிஞ்சா இன்னா,
யாருக்கு நஷ்டம்?"

கட்டைவிரலால் டேப்பை அழுத்திக்கொண்டு
குனிந்து அடுத்த இறாலை எடுத்தாள்.