தரிப்பிடம்

ஸ்காபரோ, ஆடி மாதம், காலை எட்டேகால்.
எல்ஸ்மியர் பாலத்தின் கீழே
ஓடை என் கணுக்காலுக்கும் எட்டவில்லை.
முதுகில் பற்றரியோடு ஜோஸ்லின் முன்னே நடக்கிறாள்.
பின்னால் நான், வலையும் வாளியும்.
மின் தொட்ட மீன்கள் மல்லாந்து மிதக்கும்.
எண்ணிவிட்டுத் திரும்ப விடுவோம்.

படிவத்தில் இருபத்தொரு பெயர்கள்,
எவரோ ஒரு காலத்தில் நம்பி அச்சடித்தவை.
வாளியில் இரண்டே இனம்:
கருமூக்குக் கெண்டை முப்பத்தெட்டு,
ஓடைக் கெண்டை பதினொன்று.
மற்றதெல்லாம் சுழியம்.
செவ்விலாக் கெண்டைக்கு மட்டும்
பேனா கொஞ்சம் நின்றது.

வைகாசியில் இதே வளைவில்
ஓர் ஆண் ஓடைக் கெண்டையைப் பார்த்தேன்.
ஒவ்வொரு கூழாங்கல்லாய் வாயில் கவ்வி வந்து
மேடு கட்டிக்கொண்டிருந்தது.
அந்தக் கூட்டில்தான் செவ்விலா முட்டையிட வரும்,
வாடகையில்லாக் குடித்தனம்.
நானும் நிலக்கீழ் அறைக்காரிதான்,
எனக்கு உடனே விளங்கிற்று.

மூன்று மணிக்கு மழை. பதினெட்டு நிமிடம்.
நாலு மணிக்கு வெள்ளம் என் நெஞ்சளவு:
எண்ணெய்ப் படலம், கோப்பிக் குவளைகள்,
கடைத் தள்ளுவண்டியின் ஒற்றைச் சில்லு.
வடிந்த பிறகு பார்த்தால்
கல்மேடு இருந்த இடம்
வழித்துக் கழுவிய சட்டி.

முன்பெல்லாம் மழைக்கு வழியில் அலுவல் இருந்தது.
வேரோடு கதைத்து, மண்ணுக்குள் இறங்கி, சுணங்கி,
ஆனியில் பெய்தது ஆவணியில் வந்து சேரும்.
இப்போது கூரை, பீலி, தார், குழாய்,
நேரே வந்து விழுகிறது.
பிறகு பத்து நாளைக்கு ஆளையே காணோம்.

வரைபடத்தில் அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு
மேலே மேலே போனேன்.
அது போய் நின்றது
வெள்ளிக்கிழமைகளில் நான் முருங்கைக்காய் வாங்கும்
கடைத்தொகுதியின் வாசலில்.
அறுநூறு கார்களுக்குத் தரிப்பிடம்.
மழைதான் அங்கே தரிப்பதில்லை.
மூன்றாம் வரிசை, விளக்குக் கம்பத்தடி, என்னுடைய பெட்டி.
ஒரு நல்ல மழைக்கு
அதிலிருந்து மட்டும் முந்நூறு லீற்றர் சொச்சம்.
கணக்கை இரண்டு தரம் பார்த்தேன்.
ஜோஸ்லினுக்குச் சொல்லவில்லை.

இன்றைக்கும் வெள்ளி.
அமலதாசன் கடையில், ஐஸ் மேல்,
பழக்கதோஷத்தில் எண்ணுகிறேன்:
விளை, பாரை, சூடை, ஒட்டி, திருக்கை...
பத்தொன்பது இனம்.

வெளியே இடி.
“வெட்டித் தரவோ, முழுசோ?” என்கிறார்.
நான் மணிக்கூட்டைப் பார்க்கிறேன்.
வளைவுக்குப் போய்ச்சேர
இன்னும் நாற்பது நிமிடம்.